சமாதானம் பறக்கவிட்ட புறாக்கள்

எங்கள் தெருவில் சமாதானம் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். கூடவே, "பார்த்துப் போங்க, இப்பத்தான் யாரையோ திட்டிட்டு உள்ள போனாரு" என்று ஓர் எச்சரிக்கையும் கிடைக்கும்.

அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை, அவருடைய வேனின் பெயர். இரண்டு பக்கமும் நீல எழுத்தில் 'சமாதானம் வெள்ளைப் புறா சேவை' என்றும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'திருமணம், திறப்பு விழா, ஆண்டு விழா' என்றும் எழுதியிருக்கும். அந்த வேனை மருந்துக்கடை வாசலை மறித்து நிறுத்திவிட்டு, "ரோடு என்ன உங்க அப்பா போட்டதா?" என்று அவர் கத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், கூட்டத்தில் யாரோ "சமாதானம் ஆரம்பிச்சிருச்சுப்பா" என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

மருந்துக்கடைக்காரரோடு வேன் தகராறு என்றால், எதிர்வீட்டுக்காரரோடு துணிக்கொடித் தகராறு. புறா எச்சம் போட்ட போர்வையை அவர் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். சமாதானம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது காக்கா போட்டது. எங்க புறா இப்படிப் போடாது" என்றார். தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவரோடுகூட ஒரு சண்டை. குழாய் ஐந்தே நிமிஷத்தில் சரியாகிவிட்டதுதான் காரணம். "இவ்வளவு சுலபமான வேலைக்கா நேத்து முழுக்க வர முடியலன்னீங்க?"

இத்தனைக்கும் இவர் ஒரு காலத்தில் பார்சல் அலுவலகத்தில் புகார் பிரிவில் உட்கார்ந்திருந்தவர். அவரை அங்கே உட்காரவைத்த புத்திசாலி யாரோ தெரியவில்லை. பெட்டி நசுங்கி வந்தது என்று புகார் கொடுக்க வந்தவர்கள், இந்த ஆள் மேல் இன்னொரு புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒரு வாடிக்கையாளரிடம், "உங்க பார்சல் தொலைஞ்சது உங்களுக்கு நல்லதுதான். உள்ள இருந்ததப் பார்த்தேன், ஒண்ணும் உருப்படியா இல்ல" என்று சொல்லிவிட்டார். வேலை போயிற்று.

அதற்குப் பிறகுதான் மொட்டை மாடிக்குப் போனார். அங்கே பொழுதுபோக்காகச் சில புறாக்கள் வளர்த்துவந்தார். எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு தேடி வருகிற ஜாதி. அவற்றில் இரண்டு வெள்ளை. மனைவியின் தம்பி மைக் செட்டும் விளக்கும் வாடகைக்குக் கொடுப்பவன். கல்யாண மேடைகளில் மைக் பிடித்துப் பேசவும் செய்வான். அவன்தான் ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "மாமா, கருப்பு சாம்பல்லாம் ஒதுக்கிடுங்க. வெள்ளைய மட்டும் பெருக்குங்க. பொண்ணு மாப்பிள்ளை கையில ஆளுக்கொண்ணு கொடுத்துப் பறக்கவிட்டா ஜனம் சொக்கிப்போயிடும்" என்றான்.

"விட்டா திரும்பி வந்துடுமேடா."

"அதான் மாமா வியாபாரம்! வராத புறான்னா ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுசு வாங்கணுமே."

இப்படித்தான் தொழில் தொடங்கியது. வந்த சனங்கள் எல்லோரும் அந்தப் புறாக்களுக்கு ஏதோ விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கண் கலங்குவார்கள். அவையோ மண்டபத்துக்கு மேல் ஒரு வட்டம் போட்டுவிட்டு, நேராக எங்கள் தெருவுக்கு வந்து, தகரப் பலகையில் இறங்கி, கூட்டுக்குள் நுழைந்து சோளம் கொத்திக்கொண்டிருக்கும். அவர் வேன் நெரிசலில் மாட்டி, வழியில் ஒரு ஆட்டோக்காரரோடு வாக்குவாதம் முடித்து வந்துசேர்வதற்குள் அவை தூங்கியே போயிருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதர்களிடம் காட்டிய முகத்தை அவர் புறாக்களிடம் காட்டியதே கிடையாது. மாடிப்படி ஏறும்போதே குரல் மாறிவிடும். "வாம்மா, வா வா. சாப்டியா? இறக்கையக் காட்டு" என்று குழைவார். குஞ்சுக்கு இறகு முளைத்ததும் கம்பிவலைக் கூண்டில் வைத்து, நாலு பக்கமும் பார்த்துப் பழகட்டும் என்று நாள்கணக்கில் மாடியிலேயே வைத்திருப்பார். பிறகு தெருமுனையிலிருந்து விடுவார், பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து, பிறகு ஊருக்கு வெளியே. ஒவ்வொன்றும் வந்து இறங்கும்வரை தீனி டப்பாவைக் குலுக்கிக்கொண்டே வெயிலில் நிற்பார். கீழே முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிக்கு இந்தக் குழையல் முழுக்கக் கேட்கும். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் அவர் சொல்வார்: "அந்தக் குரல் நம்ம வீட்டுக்காரரோடதுதான். மாடிக்கு மட்டும் ஒதுக்கி வச்சிருக்காரு."

புறாக்களுக்குப் பெயரெல்லாம் பார்சல் அலுவலகத்திலிருந்து வந்தவை. மேனேஜர், கேஷியர், டைப்பிஸ்ட், பியூன். எல்லாவற்றுக்கும் தலைவி ஒரு பெட்டைப் புறா, பெயர் மேடம். மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். கூடை திறந்ததும் முதலில் எழும்புவது அதுதான். மற்றவை அதன் பின்னால் போகும். மேடமும் மேனேஜரும் ஜோடி. இந்த ஜோடியை வைத்துத்தான் சமாதானம் தன்னுடைய மைக் பேச்சைத் தயார் செய்திருந்தார்.

அவர் மனைவி, தெருவுக்கே தையல்காரம்மா, தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கையுறை. இதய வடிவத்தில் ஒரு பிரம்புக் கூடை. இதயத்தின் கூர்முனையில் புறா உட்கார முடியாது என்பதால் அங்கே பழைய செய்தித்தாளைத் திணித்து, மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருப்பார். மணப்பெண் பயந்து கையை இழுத்தால், "சோப்புக் கட்டியப் பிடிக்கிற மாதிரிம்மா. இறுக்காத, வழுக்கவும் விடாத" என்று சொல்லிக் கொடுப்பார். அப்புறம் மைக்கை வாங்கி, குரலைத் தாழ்த்தி, "வெள்ளைப் புறா ஒரு தடவ ஜோடி சேர்ந்துட்டா உயிர் இருக்கிற வரைக்கும் இன்னொண்ணைத் திரும்பிப் பார்க்காது. நீங்களும் அப்படியே வாழணும்" என்பார். பெண் வீட்டு அத்தைகள் கைக்குட்டையை எடுப்பார்கள்.

கூடு கழுவுவது தையல்காரம்மாவின் வேலை. அதனால் அவருக்கு உள்விவரம் தெரியும். "போன வாரம் மேடம் கேஷியரோட தண்ணித்தொட்டிக்குப் பின்னால நின்னாங்களே, அதையும் மைக்ல சொல்றதுதானே?" என்று கேட்பார்.

"நீ பார்த்தியா?"

"நான் விளக்குமாத்தோட நின்னேன். என்னைப் பார்த்ததும் ரெண்டும் தெரியாதவங்க மாதிரி தனித்தனியா நடந்துபோச்சு."

"அது சும்மா பேசிக்கிட்டிருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவார்.

தொழில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, நகைக்கடைக்காரரின் மகள் கல்யாணம் வரைக்கும்.

ஏரிக்கரைப் புல்வெளியில் கல்யாணம். நாற்காலிகளுக்குக்கூட உடை மாட்டி விட்டிருந்தார்கள். கேமராக்காரர்கள் மட்டுமே ஒரு சின்னக் கல்யாணத்துக்குக் கூட்டம் சேர்க்கிற அளவுக்கு வந்திருந்தார்கள். சமாதானம் போய் இறங்கியதும் பழக்கப்படி முதலில் வானத்தைப் பார்த்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் செல்போன் கோபுரத்தின் உச்சியில் ஒரு புள்ளி. புள்ளி கழுத்தைத் திருப்பியது. வல்லூறு. பறக்கிற புறாவை மேலிருந்து பாய்ந்து காற்றிலேயே அடித்துத் தூக்குகிற வேட்டைப் பறவை. சாம்பல் புறா என்றால் கட்டடங்களோடு கலந்து தப்பிக்கும். நீல வானத்தில் வெள்ளைப் புறா விளக்குப் போட்டுக் காட்டின மாதிரி.

மச்சினனைத் தனியாக இழுத்துப்போய், "மாப்ள, இன்னிக்கு விட முடியாது. அங்க பாரு" என்றார்.

"மாமா, விளையாடாதீங்க. பறக்கிறதப் படம் பிடிக்க பறக்கிற கேமராவே கொண்டுவந்திருக்காங்க."

"அப்ப அதையே பறக்கவிடு. என் புள்ளைங்கள விடமாட்டேன்."

மச்சினன் ஓடிப்போய் நகைக்கடைக்காரரை அழைத்துவந்தான். சமாதானம் கால்களை அகட்டி, கையுறையைக் கழற்றி, சண்டைக்குத் தயாராக நின்றார். வந்தவர் கத்தியிருந்தால் அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். புறாக்களை வேனில் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி திட்டிவிட்டு வந்திருப்பார். ஆனால் அந்த மனிதர் சமாதானத்தின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "சார், உங்களப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கேன் சார். இந்தப் பொண்ணுக்காக ஒரே ஒரு தடவ சார்" என்றார்.

சமாதானத்தை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. பார்சல் அலுவலகத்தில்கூட 'ஏய் கவுன்ட்டரு' என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். தெருவில் எச்சத்துக்கும் குழாய்க்கும் தொண்டை கிழியக் கத்தியவர், கத்தவேண்டிய அந்த ஒரு நாளில், "சரிங்க சார், பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பேச்சு முடிந்தது. அத்தைகள் கைக்குட்டையை எடுத்தார்கள். மணப்பெண் கையிலிருந்து மேடம், மாப்பிள்ளை கையிலிருந்து மேனேஜர், கூடையிலிருந்து மற்றவை. வெள்ளையாக ஒரு கொத்து எழுந்து ஏரிப்பக்கம் சாய்ந்து வட்டம் போட்டது. கோபுரத்து உச்சி காலியாக இருந்தது. சமாதானம் அதைப் பார்த்த அதே நேரத்தில் மேலிருந்து கல் மாதிரி ஏதோ விழுந்தது. ஒரு சத்தம். புல்வெளிக்கு நேர் மேலே வெள்ளையாக ஒரு சின்ன மேகம் வெடித்தது. கொத்து சிதறியது. வல்லூறு கனமான எதையோ காலில் பிடித்துக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் தாழ்வாகப் போய்விட்டது.

பிறகு இறகுகள் விழத் தொடங்கின. மெதுவாக, சுழன்று சுழன்று, மணப்பெண்ணின் தலையிலும் மாப்பிள்ளையின் தோளிலும். பின் வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டினார். பக்கத்திலிருந்தவர் தட்டினார். அப்புறம் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். மச்சினன் ஒருநாளும் மைக்கைச் சும்மா விட்டவனில்லை. "அன்பானவர்களே! வானமே இறங்கிவந்து வாழ்த்துகிறது!" என்றான்.

"மேடம்! மேடம்!" என்று கத்திக்கொண்டே சமாதானம் புல்வெளிக்குக் குறுக்கே ஓடினார்.

நகைக்கடைக்காரரின் மனைவி அவரை வழிமறித்து, "என்னங்க, என்னையா கூப்பிட்டீங்க? டிபனெல்லாம் அந்தப் பக்கம் இருக்கு, போய்ச் சாப்பிடுங்க" என்றார். பிறகு சிரித்த முகமாக, "இறகு ரொம்ப அழகா இருந்துச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா தட்டு வச்சுப் பிடிச்சிருப்போம்" என்றார்.



அன்று மற்ற எல்லாப் புறாக்களும் வந்துசேர்ந்தன, கேஷியர் வாலில் பாதி இல்லாமல். மேனேஜர் தகரப் பலகையில் உட்கார்ந்து உள்ளே போகாமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சமாதானமும் அதன் பக்கத்தில் வெள்ளை உடையைக்கூட மாற்றாமல், டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நின்றார். வராது என்று அவருக்குத் தெரியும், கண்ணால் பார்த்தவர்தானே. இருந்தாலும் குலுக்கினார். தையல்காரம்மா டீயைக் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, கீழே போனார். 

மறுநாள் மச்சினன் போனும் கையுமாக வந்தான். முகமெல்லாம் பல். "மாமா, வீடியோ எங்கயோ போயிடுச்சு! மெதுவா ஓடவிட்டுப் போட்டிருக்காங்க. எல்லாரும் 'இறகு மழை' வேணும்னு கேக்குறாங்க."

"என்ன மழை?"

"இறகு மழை மாமா. நான்தான் பேர் வச்சேன்."

"அது செத்துப்போச்சுடா!"

"அது நமக்குத் தெரியும். ஜனத்துக்கு எதுக்கு? ஒவ்வொரு தடவையும் புறா சாகணும்னு யார் சொன்னா? தலையணையக் கிழிச்சா இறகு வருது. புகை அடிக்கிற ஃபேன் என்கிட்டயே இருக்கு."

"உன் தலைமயிரப் பிடுங்கிப் போடு, அதுவும் சுத்திச் சுத்தித்தான் விழும். போடா வெளிய!"

அந்தச் சத்தத்துக்கு மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார், தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று.

அன்றைக்குத் துரத்தப்பட்ட மச்சினனை அவரே திரும்பக் கூப்பிட்டார். கூப்பிட வைத்தது மேனேஜர். இரண்டு மூன்று நாள் பலகையில் உட்கார்ந்து தீனி வேண்டாமென்று அடம்பிடித்தது. சமாதானம் கையில் வைத்து ஊட்டினார். "அழாதடா, எனக்கும்தான் கஷ்டமா இருக்கு" என்று அதனிடம் தன் கஷ்டத்தைச் சொன்னார். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் மாடிக்குப் போனால், மேனேஜர் கழுத்தை உப்பவைத்து, டைப்பிஸ்ட்டைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. மேடத்தின் கூட்டில், மேடம் சேர்த்துவைத்த குச்சிகளின் மேலேயே டைப்பிஸ்ட் உட்கார்ந்து இடம் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

"டேய்!" என்றார். மேனேஜர் காதில் வாங்கவில்லை. "வெக்கமா இல்ல? இன்னும் ஒரு வாரம்கூட ஆகலியேடா! உன்ன நம்பி நான் ஊர் ஊரா என்ன பேசியிருக்கேன்!"

முதன்முறையாக ஒரு புறாவோடும் சண்டை போட்டார். கீழே தையல் மிஷின் நின்றது. தையல்காரம்மா படியேறி வந்து பார்த்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எதுக்குச் சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆயிட்டா நீங்க எத்தன நாள் பலகையில உட்காருவீங்கன்னு யோசிச்சேன்."

அவர் கீழே இறங்கிப்போய் மச்சினனுக்குப் போன் போட்டார். "உன் தலையணை மழையப் போட்டுத் தொலை. எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

முதல் இறகு மழை பல் டாக்டர் வீட்டுக் கல்யாணத்தில். மாப்பிள்ளையின் அப்பாவும் பல் டாக்டர், மாப்பிள்ளையும் பல் டாக்டர். மச்சினன் சொன்ன சொல் தவறாமல் மூட்டை நிறைய இறகு கொண்டுவந்திருந்தான். ஆனால் வெள்ளை இறகுத் தலையணை எங்கும் கிடைக்காததால், தெரிந்த ஒருவரிடமிருந்து கோழி இறகாக வாங்கிவந்துவிட்டான். பாதி பழுப்பு, மீதி சாம்பல். கழுவினதாகச் சொன்னான். மூட்டை மட்டும் கழுவப்பட்டிருக்கலாம்.

"மாப்ள, இது நாறுதுடா."

"திறந்த வெளிதானே மாமா, காத்துல போயிடும்."

மாப்பிள்ளையும் பெண்ணும் புறாக்களை உயரே தூக்கினார்கள். அதே நேரம் மேடைக்குப் பின்னாலிருந்து மச்சினன் ஃபேனைத் தட்டினான். விமானம் கிளம்புகிற சத்தம். புறாக்கள் மிரண்டு, வானத்துக்குப் போகாமல் மேடைக் கூரைக் கம்பியில் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொண்டன. பயந்த புறா என்ன செய்யுமோ அதை மணமக்களின் உறவினர்கள் மேல் செய்தன. ஃபேன் இறகுகளை மேலே தூக்கவும் இல்லை. நேராக, ஆள் உயரத்தில், முதல் வரிசையின் முகத்தில் அடித்தது. சிரித்தபடி வாயைத் திறந்து வைத்திருந்த மாப்பிள்ளை இருமத் தொடங்கினார். சாப்பாட்டு மேஜைகள் போர்வை போர்த்திக்கொண்டன. யாருடைய கண்ணாடியிலும் ஒன்றும் தெரியவில்லை.

"அன்பானவர்களே! வானமே..." என்று தொடங்கிய மச்சினன் மைக்கிலேயே தும்மினான்.

பெரிய பல் டாக்டர் தலையிலிருந்து ஒரு பழுப்பு இறகை எடுத்து சமாதானத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுதான் இறகு மழையா? கோழிக்கடை வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு! நகைக்கடைக்காரர் வீட்டுல மட்டும் வெள்ளையா, அழகா, வானத்துலேர்ந்து விழுந்துச்சே? எங்க வீடுன்னா இளப்பமா? அதே மாதிரி வேணும்னுதானே கேட்டோம்!"

சமாதானம் அவரைப் பார்த்தார். கம்பியில் உட்கார்ந்திருந்த மேனேஜரையும், அதை ஒட்டி உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட்டையும் பார்த்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். மீசையில் ஒரு கோழி இறகோடு, தோள் குலுங்கக் குலுங்க. எங்கள் தெருவில் யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை, வீடியோவில்தான் பார்த்தோம்.

சிரிப்பு நின்றதும் மச்சினனின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"அதே மாதிரி வேணுமா? அதே மாதிரின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அன்னிக்கு விழுந்தது என் மேடத்தோட இறகு. வல்லூறு வந்து அடிச்சுக் கொன்னுது. அத்தன ஜனம் கண்ணு முன்னாடி ஒரு உசிரு போச்சு, எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. வல்லூறு உட்கார்ந்திருந்தத நான் முன்னாடியே பார்த்தேன். ஒருத்தர் என்னைச் சார்னு கூப்பிட்டாரு, அதுக்காக விட்டேன். அந்த அழகு உங்களுக்கு மறுபடி வேணும்னா ஒரு புறாவ சாகடிக்கணும். சொல்லுங்க, கம்பியில உட்கார்ந்திருக்கே, எதைச் சாகடிக்கட்டும்?"

இருமிக்கொண்டிருந்த மாப்பிள்ளைகூட இருமலை நிறுத்தினார்.

"இன்னொண்ணு. ஜோடி பிரியாதுன்னு சொன்னேனே, அதுவும் சுத்தப் பொய்" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டப்பாவைக் குலுக்கினார். புறாக்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. கூடையில் வைத்து வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்த வீடியோ முந்தைய வீடியோவைவிட வேகமாகப் போயிற்று. கோழிக் கல்யாணம் என்று அதற்கு யாரோ பெயர் வைத்தார்கள். நகைக்கடைக்காரர் போன் செய்தார். இந்தத் தடவை சார் இல்லை. "என் பொண்ணு அந்த இறகக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருந்தாய்யா! இப்ப கழட்டி மூலையில வச்சுட்டு அழுவுறா. எல்லாரும் பார்த்து அழகுன்னு சொன்னதப் போய் எதுக்குய்யா கெடுத்த? உண்மையச் சொல்லச் சொல்லி உன்னை யார் கேட்டா?" நியாயமான கேள்விதான். "அந்த இறக எங்கிட்ட கொடுத்துடுங்க" என்றார் சமாதானம். போன் வைக்கப்பட்டது. இறகு வரவில்லை.

அடுத்தடுத்து இருந்த கல்யாணங்கள் எல்லாம் கைவிட்டுப் போயின. மச்சினன் அவர் முகத்தில் முழிக்கவில்லை. புறாவுக்குப் பதில் சோப்பு நுரைக் குமிழி விடுகிற இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டதாகவும், அது யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை என்றும் அக்காவிடம் மட்டும் சொல்லி அனுப்பினான்.

எங்கள் தெருவும் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் துணிக்கொடியில் ஒரு கோழி இறகைக் கட்டித் தொங்கவிட்டார். அதைப் பார்த்துச் சமாதானம் பாய்ந்து வருவார் என்று நாங்கள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் வெளியே வந்து, பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

தையல்காரம்மா அந்த வீடியோவைத் தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். பிறகு மாடிக்குப் போய், கூடு கழுவிக்கொண்டிருந்த புருஷனிடம், "இத்தன வருஷத்துல முதல் தடவையா சரியான இடத்துல சண்ட போட்டிருக்கீங்க" என்றார்.

"பொழப்புப் போச்சே."

"அது போகட்டும். ரெண்டு பேருக்கும் நான் தைக்கிறேன். விளக்குமாத்த இப்படிப் பிடிக்கக் கூடாது, கொடுங்க."

சில மாதங்கள் அப்படியே போயின. ஒருநாள் திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெரியம்மா, அளவெல்லாம் கொடுத்து முடித்தபிறகும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவராக இருந்த அவர் வீட்டுக்காரர் போன மாதம் இறந்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் பணிமனை மைதானத்தில் ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள்.

"மைக்ல ஒரு ஆள் கத்தினாரே, அவர் உங்க வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டார்.

தையல்காரம்மா பெருமூச்சு விட்டார். "ஆமாங்க."

"ஒரு புறா விடச் சொல்லணும். மத்தவங்க யாராவது வந்தா எங்க வீட்டுக்காரரோட ஆன்மா அப்படிப் பறக்குது, இப்படிப் பறக்குதுன்னு ஏதாவது சொல்லுவாங்க. எனக்கு அதெல்லாம் கேக்கப் பொறுமை இல்ல. இவர்னா சொல்லமாட்டார்னு தோணுச்சு."

சமாதானம் போனார். வெள்ளை உடை இல்லை, சாதாரணச் சட்டை. இதயக் கூடை இல்லை. காய்கறிக் கூடை மாதிரி ஒன்று, மேலே துணி. இறங்கியதும் வானத்தை நெடுநேரம் பார்த்தார். கழுவி நிறுத்திய பஸ்களுக்கு நடுவே காக்கிச் சட்டைக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யார் கூடையைத் திறப்பது என்று பெரியம்மாவின் இரண்டு மகன்களும் குசுகுசுவென்று அடித்துக்கொண்டார்கள். மூத்தவன் தனக்குத்தான் உரிமை என்றான். இளையவன், கடைசி வரை கூட இருந்தது நான்தானே என்றான். சண்டையில் அனுபவமுள்ள சமாதானம் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு இருவரையும் தாண்டிப்போய்ப் புறாவை எடுத்துப் பெரியம்மாவின் கையில் வைத்தார்.

அது டைப்பிஸ்ட். பெரியம்மாவுக்குச் சோப்புக் கட்டி விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை, நன்றாகவே பிடித்தார். அதன் நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கையில் உணர்ந்து சற்று நேரம் அப்படியே நின்றார். விட்டார். டைப்பிஸ்ட் பஸ்களுக்கு மேலே எழுந்து, ஒரே ஒரு வட்டம் போட்டு, கிழக்கே திரும்பியது. யாரும் கைதட்டவில்லை. சமாதானம் அது கண்ணுக்கு மறையும்வரை கழுத்தை இறக்கவில்லை.

"எங்க போகுது அது?" என்று பெரியம்மா கேட்டார்.

சமாதானம் வாயைத் திறந்தார். பழைய மைக் பேச்சிலிருந்து நாலைந்து வாக்கியங்கள் நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும். விழுங்கிவிட்டார்.

"எங்க வீட்டுக்குத்தாம்மா. மொட்டை மாடிக்கு. காலைல அரை வயித்துக்குத்தான் போட்டேன், மீதிச் சோளம் அங்க வச்சிருக்கேன். அதைத் தின்னப் போகுது."

காக்கிச் சட்டைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூத்த மகன் முறைத்தான். பெரியம்மா முந்தானையால் வாயை மூடினார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து இளையவன் ஓடிவந்து பிடித்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பாவும் அப்படித்தானேடா" என்றார். "வண்டிய விட்டு இறங்கினா வேற எங்க போயிருக்காரு? நேரா வீடு, நேரா தட்டு."